சுருக்கி அடிப்போம், விரித்து எழுதுவோம்

(அரியாலையில் கிளைச் செயலாளர்களுக்கும் மாதர் சங்கத் தலைவிகளுக்கும் நடந்த பயிற்சி நாளில் பேசியதன் எழுத்து வடிவம்.)



முதலில் அரியாலைத் தோழர்களுக்கு நன்றி. கண்டி வீதியில் நாவற்குழிப் பாலம் தாண்டி, செம்மணி வெளியைக் கடக்கும்போது விடிந்துகொண்டிருந்தது. அதுவரை கலகலவென்று இருந்த பஸ்ஸில் அந்த இடத்தில் யாரும் பேசவில்லை. இங்கே இறங்கியதும் அப்பமும் சம்பலும் தேத்தண்ணியும் கிடைத்தது. தேத்தண்ணி யார் பறித்த கொழுந்து என்று கேட்டு ஒரு அக்கா எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

எங்களுக்குத் தந்த தலைப்பு, டைப் பண்ணுகிற நேரத்தை மிச்சப்படுத்துவது. சம்பளப் பேச்சு நடக்கிற காலத்தில் இது என்ன தலைப்பு என்று சிலர் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பிறகு எங்கள் கிளைக் காரியாலயத்தில் ஒரு மாதத்தில் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம்.

நாங்கள் பகலில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறோம். பின்னேரம் சங்கக் காரியாலயத்தில் ஒரு பழைய கொம்பியூட்டருக்கு முன்னால் உட்காருகிறோம். வாசலில் பெஞ்சில் ஆட்கள் காத்திருப்பார்கள். ஒருவருக்கு ஊழியர் சேமலாப நிதி எடுக்க வேண்டும். இன்னொருவருக்குச் சேவைக்காலப் பணம் வரவில்லை. மூன்றாவது ஆளுக்கு அரைப் பேர் போட்டுவிட்டார்கள். நாலாவது அம்மாவுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் பெயர் பிழை. எல்லாருக்கும் கடிதம் வேண்டும். ஒரு கடிதம் அடிக்க நாற்பது நிமிடம். மூன்று கடிதம் முடிவதற்குள் இருட்டிவிடும், மிச்சப் பேர் மழையில் லயத்துக்கு நடப்பார்கள். கொழுந்து எடுத்துக் களைத்து வந்த ஆள், கடிதத்துக்காக இரண்டு மைல் நடந்து வந்து, "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பிப் போவதைப் பார்க்க எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

அடித்த கடிதங்களை அச்செடுத்து மேசையில் பரப்பிப் பார்த்தோம். பாதிக்கு மேல் ஒரே வசனங்கள். "தொழில் உதவி ஆணையாளர் அவர்களுக்கு" என்பதிலிருந்து "விரைவில் நடவடிக்கை எடுக்குமாறு" என்பது வரை, ஆள் மாறினாலும் சொல் மாறவில்லை. அதே சொற்களைத்தான் நாற்பது நாற்பது நிமிடமாக, ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருந்தோம்.

இதற்கு மருந்து மிகச் சின்னது. ஒரு சுருக்கை அடித்தால் அது முழு வசனமாக விரிகிற ஏற்பாடு. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உங்கள் கையில் இருக்கிற போனிலேயே இருக்கிறது.

அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். நாம் அடிக்கிற கடைசிச் சில எழுத்துகளை மென்பொருள் கவனித்துக்கொண்டே இருக்கும். நாம் முன்பே சொல்லி வைத்த சுருக்கு வந்ததும், அந்த எழுத்துகளை அழித்துவிட்டு, அந்த இடத்தில் முழு வசனத்தைப் போட்டுவிடும். அவ்வளவுதான். அதற்கு மூளை கிடையாது. நாம் எதை வைத்தோமோ அதைத்தான் தரும். இதை நினைவில் வையுங்கள், பிறகு இதனால் எங்களுக்கு வந்த வினையைச் சொல்கிறோம்.

"ஊழியர் சேமலாப நிதி" என்ற மூன்று சொல்லை எடுங்கள். இடைவெளியோடு சேர்த்துக் கொம்பியூட்டருக்குள்ளே அது 18 குறியீடு. நாங்கள் வைத்திருக்கிற சுருக்கு, ஒரு அரைப்புள்ளியும் "சேநி"யும். அது 5 குறியீடு. ஒரு கடிதத்தில் அந்தப் பெயர் ஆறு தடவை வரும். 108 இடத்தில் 30. இது பெயருக்கு மட்டும். "1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 8 வீதமும் தொழில் வழங்குநரின் பங்காக 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும்" என்ற முழு வசனத்துக்கும் ஒரு சுருக்குத்தான். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொன்று: 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம், 3 வீதம், அது முழுவதும் தொழில் வழங்குநர் கட்ட வேண்டியது, நம் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. இந்த எண்களை மனப்பாடமாகத் தெரியாத செயலாளரும் இனிப் பிழையில்லாமல் எழுதலாம்.

இது ஏதோ புது நாகரிகம் என்று எண்ண வேண்டாம். நம் பழைய கடைக் கணக்குப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹ என்று ஒற்றைக் குறி போடுவார்கள். மேலே எழுதியதையே திரும்ப எழுதாமல் "மேற்படி" என்பதற்கு ௸ ஒன்றை இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். எழுதுகிறவர் சுருக்கினார், வாசிக்கிறவர் மனதில் விரித்தார். இந்தக் குறிகள் இன்றைக்கு யூனிகோட்டிலும் இருக்கின்றன, உங்கள் போனிலும் தெரியும். இந்தியாவில் தந்தி இருந்த காலத்தில் வாழ்த்துகளுக்கு எண் போட்டிருந்தார்கள். கல்யாண வாழ்த்துக்கு ஒரு எண், பண்டிகைக்கு ஒரு எண். அனுப்புகிற இடத்தில் எண்ணை மட்டும் தட்டுவார்கள், போய்ச் சேருகிற இடத்தில் முழு வாழ்த்து எழுதப்படும். 2013 ஜூலையில் அந்தத் தந்திச் சேவையே நின்றுபோனது. வழி மட்டும் நம் போனுக்குள் வந்துவிட்டது.

அரியாலையில் நின்றுகொண்டு இதைப் பேசும்போது பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா, 1886இல் சுண்டிக்குளியில் பிறந்தவர். இங்கிருந்து நடந்து போகிற தூரம். 1907இல் மலாயாப் பக்கம் பிழைப்புத் தேடிப் போனார். நம் பாட்டன்மார் கடல் கடந்து இந்த மலைக்கு வந்தது போல, அவர் இங்கிருந்து கடல் கடந்தவர். அங்கே காரியாலய வேலை செய்துகொண்டே, ஆங்கிலத்துக்குப் பொறி இருக்கிறதே, தமிழுக்கு ஏன் இல்லை என்று யோசித்தார். தமிழில் 247 எழுத்து. ஒரு பொறியில் அத்தனை விசை வைக்க முடியாது. எழுத்துகளை அவர் பிரித்துப் பார்த்தார். க, கி, கீ, க் எல்லாவற்றிலும் "க" பொது. விசிறியும் புள்ளியும் தனி. புள்ளியைப் போட்டாலும் தாள் நகராமல் அந்த இடத்திலேயே நிற்கும்படி விசை அமைத்து, அதன் மேல் எழுத்தை விழ வைத்தால் இரண்டும் சேர்ந்து "க்" ஆகிவிடும். பழைய டைப்ரைட்டரில் பழகியவர்கள் இங்கே இருந்தால் சொல்வார்கள்: முதலில் புள்ளி, பிறகு எழுத்து. ஜெர்மனியில் அந்தப் பொறி செய்யப்பட்டு வந்தது. பொதுவானதை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டு மாறுவதை மட்டும் கையால் போடு என்பதுதான் அவர் கண்ட வழி. நாங்கள் கடிதத்தில் செய்வதும் அதுவே.

சரி, செய்முறை. விரிவாக மத்தியானம் கையில் போனோடு செய்யப் போகிறோம், இப்போது வழி மட்டும் சொல்கிறோம்.

ஆண்ட்ராய்ட் போனில் கூகுள் கீபோர்ட் வைத்திருப்பவர்கள் அதன் அமைப்புக்குள் போனால் அகராதி என்று இருக்கும், அதற்குள் தனிப்பட்ட அகராதி. தமிழைத் தெரிவு செய்து கூட்டல் குறியைத் தொடுங்கள். மேலே முழு வசனம், கீழே சுருக்கு. பிறகு சுருக்கை அடிக்கும்போது எழுத்துப் பலகைக்கு மேலே வசனம் தோன்றும், அதைத் தொட வேண்டும். தொடாவிட்டால் விரியாது. ஐபோனில் பொது அமைப்பில் கீபோர்டுக்குள் எழுத்து மாற்று என்று இதே வசதி. வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருக்கிற கிளைகளுக்கு இன்னும் சுகம்: ஒரு சாய்கோடு அடித்தால் வைத்திருக்கிற விரைவுப் பதில்கள் வரிசையாக வரும். "கே படிவத்துக்கு என்னென்ன கொண்டு வரணும்?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கேட்பார்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், சேவை விவரம் என்று பத்துத் தடவை அடிக்க வேண்டியதில்லை.

கொம்பியூட்டரில் வேர்ட் இருந்தால் தன்னியக்கத் திருத்தம் என்ற பகுதி. நாம் "teh" மாதிரி ஆங்கிலப் பிழையைத் திருத்துவதற்கு என்று நினைக்கிற இடம் அது, அதற்குள் நம் சுருக்கையும் சேர்க்கலாம். ஒரு எச்சரிக்கை: எந்த மொழிக்குச் சேர்க்கிறோமோ அந்த மொழியில் அடிக்கும்போதுதான் வேலை செய்யும். ஆங்கிலத்துக்குச் சேர்த்துவிட்டுத் தமிழில் அடித்து, "இது பழுது" என்று ஒரு தோழர் இரண்டு நாள் மல்லுக்கட்டினார். நீண்ட பந்திகளுக்கு ஆட்டோடெக்ஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, பெயரின் முதல் எழுத்துகளை அடித்து எஃப்3 விசையை அமத்தினால் பந்தி முழுவதும் இறங்கும். இலவசமாகக் கிடைக்கிற லிப்ரே ஆபீஸிலும் இவை இரண்டும் உண்டு. எல்லா மென்பொருளிலும் ஒரே மாதிரி வேலை செய்ய வேண்டுமானால் எஸ்பான்ஸோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், மாக் எல்லாவற்றிலும் ஓடும். எங்கள் கொம்பியூட்டரில் அது தமிழ் விசைப்பலகையோடு சில நேரம் முட்டிக்கொண்டது, சுருக்கின் ஒரு எழுத்தை அழிக்காமல் விட்டுவிடும். திரையில் "கொ" ஒரு எழுத்துத்தான், உள்ளே இரண்டு குறியீடு. எத்தனை தடவை அழிப்பது என்பதில் குழப்பம் வருகிறது. கொம்பு, கால் இல்லாத எழுத்துகளாகப் பார்த்துச் சுருக்கு வைத்த பிறகு தொல்லை குறைந்தது.

தமிழுக்கே உரிய இன்னொரு சிக்கல், நம் சொற்களின் வால். ஆங்கிலத்தில் திணைக்களம் என்ற சொல் எங்கே வந்தாலும் அப்படியே நிற்கும். நமக்குத் திணைக்களத்துக்கு, திணைக்களத்தின், திணைக்களத்தில், திணைக்களத்திலிருந்து. "தொழில் திணைக்களம்" என்று முடித்து வைத்தால் ஒவ்வொரு முறையும் "ம்"ஐ அழித்து வாலை ஒட்ட வேண்டும், மிச்சம் பிடித்த நேரம் அதிலேயே போகும். நாங்கள் "தொழில் திணைக்களத்" என்று பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறோம். விரிந்ததும் துக்கு, தின், தில் என்று தேவையானதைச் சேர்க்கிறோம். தமிழ் பாட வகுப்பில் வேற்றுமை உருபு படிப்பிக்கும்போது, "இது எதுக்கு டீச்சர்?" என்று பின் வாங்குப் பையன்கள் கேட்பார்கள். இப்போது பதில் இருக்கிறது.

பாமினியில் அடிக்கிற காரியாலயங்களுக்கு ஒரு வார்த்தை. பாமினி எழுத்துருவில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் முகமூடி. அதில் அடித்ததை எடுத்துச் சுருக்காக வைத்தால், வாட்ஸ்அப்பில் விரியும்போது ஆங்கில எழுத்துக் குப்பையாக விரியும். யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டுப் பிறகு சேமியுங்கள். சுருக்காக உண்மையான சொல் எதையும் வைக்காதீர்கள். தொழில் ஆணையாளருக்குச் சுருக்காக "தோழ" என்று வைத்து, மே தினத் துண்டுப்பிரசுரம் அடித்தபோது தோழர்களெல்லாம் ஆணையாளர்கள் ஆகிவிட்டார்கள். அச்சுக்குப் போவதற்கு முன் கண்டுபிடித்தோம். அதனால்தான் முன்னால் அரைப்புள்ளி.

இனி, வினையைச் சொல்கிறோம். சிரித்துவிட்டுப் போகக்கூடியது இல்லை இது.

நாட்சம்பளம் 1000 ரூபாயாக இருந்த காலம். எங்கள் தோட்டத்தில் ஒரு அம்மா, 31 வருடம் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய சேவைக்காலப் பணத்துக்குக் கடிதம் கேட்டு வந்தார். பணிக்கொடைச் சட்டம், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், உங்களுக்குத் தெரியும்: 5 வருடமோ அதற்கு மேலோ வேலை செய்திருந்தால், நாட்சம்பளக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பந்தியை நாங்கள் சுருக்காக வைத்திருந்தோம். அதை வைத்தபோது, அதற்கு முந்தின வாரம் வேறொருவருக்கு அடித்த கடிதத்திலிருந்து அப்படியே எடுத்து வைத்தோம். அதில் "22 வருட சேவையை நிறைவு செய்துள்ள" என்று இருந்தது. அது அந்த முந்தின ஆளின் கணக்கு.

அன்றைக்கு வாசலில் ஏழு பேர். அம்மாவின் பெயரை அடித்தோம், சுருக்கை அடித்தோம், பந்தி விரிந்தது, கையெழுத்து வாங்கினோம், அனுப்பினோம். எங்களுக்குப் பெருமை. நாற்பது நிமிடக் கடிதம் ஒன்பது நிமிடத்தில்.

22 வருடத்துக்கு 308 நாள். 31 வருடத்துக்கு 434 நாள். வித்தியாசம் 126 நாள் சம்பளம், ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் ரூபாய். நாங்கள் போய்க் கேட்டபோது மறுபக்கத்தில் எங்கள் கடிதத்தையே எடுத்து முன்னால் வைத்தார்கள். "உங்க சங்கமே 22னுதானே எழுதியிருக்கு?" பதில் சொல்ல எங்களிடம் வாய் இல்லை. பழைய சம்பளத் துண்டுகள், சேமலாப நிதிக் கூற்றுகள், அந்த அம்மாவோடு ஒன்றாகப் பேர் பதிந்த மற்றப் பெண்களின் சாட்சி எல்லாம் தேடித் திரட்டி மிச்சத்தை வாங்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் அவர் மகளின் நகை அடகிலேயே கிடந்தது. அவர் எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. "பிள்ளைங்க வேணும்னு செஞ்சீங்களா" என்றார். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மென்பொருளின் மேல் பழி போட முடியாது. அது வைத்ததைத் தந்தது. நாங்கள் செய்த பெரிய பிழை 22ஐ விட்டுவைத்தது கூட இல்லை. கடிதத்தை அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. கையால் மெதுவாக எழுதிய காலத்தில், பெட்டிசம் எழுதுகிறவர்கள் எழுதி முடித்ததும் சத்தமாக வாசித்துக் காட்டுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் தலையாட்டிய பிறகுதான் கைநாட்டு. அந்த அம்மாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது, ஆனால் தன் 31 வருடம் காதில் 22 ஆக விழுந்திருந்தால் அந்த இடத்திலேயே எங்கள் கையைப் பிடித்திருப்பார். வாசிக்க இரண்டு நிமிடம் போதும். முப்பத்தொரு நிமிடம் மிச்சம் பிடித்த நாங்கள் அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் காரியாலயத்தில் சில பழக்கங்கள் வந்தன. சுருக்குக்குள் சொல் இருக்கலாம், ஆளின் விவரம் இருக்கக் கூடாது. பெயர், திகதி, வருடக் கணக்கு, தொகை, அங்கத்துவ இலக்கம், இவை வருகிற இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி விரியும்படி வைத்தோம். நட்சத்திரம் ஒன்றுகூடக் கடிதத்தில் மிஞ்சினால் அச்சுக்குப் போகாது. சத்தமாக வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை. வெளியே பத்துப் பேர் நின்றாலும் இல்லை.

பெயர் விஷயத்தில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். நம் ஆட்களின் பெயர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ராமாயி, இராமாயி, ரமாயி என்று ஒரே பெண்ணுக்கு மூன்று பத்திரத்தில் மூன்று பெயர். தமிழில் சொன்னதைக் கேட்டு, வேறு மொழியில் எழுதி, அதைத் திருப்பித் தமிழாக்கியதில் வந்தது. சேமலாப நிதிப் பதிவில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று என்றால் காசு நிற்கும். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டதிலிருந்து 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பத்திரம் பத்திரமாக அலைந்த சனம் நாம். ஒரு எழுத்தின் விலை நமக்குத் தெரியும். ஆகவே பெயருக்குச் சுருக்கு வைக்காதீர்கள், போன் தானாகத் தருகிற பெயரையும் ஏற்காதீர்கள். அடையாள அட்டையை மேசையில் வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்து அடியுங்கள். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, ரகசிய எண் எதையும் சுருக்காகச் சேமிக்கவும் வேண்டாம். காரியாலயக் கொம்பியூட்டரில் இன்றைக்கு நாங்கள் இருப்போம், நாளைக்கு வேறு யாரோ இருப்பார்கள்.

பள்ளிக்கூடத்திலும் நாங்கள் ஒருமுறை மாட்டிக்கொண்டோம். தவணை முடிவில் முன்னேற்ற அறிக்கை. நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் "கற்றலில் ஆர்வம் காட்டுகிறார், மேலும் முயற்சி தேவை" என்று ஒரே சுருக்கு. ஒரு தாய் இரண்டு அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "டீச்சர், என் மகளுக்கும் அடுத்த லயத்துப் பயலுக்கும் ஒரே எழுத்தா? அவன் பள்ளிக்கூடத்துக்கே வரலையே." அந்தத் தாய் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். திணைக்கள அதிகாரிகளுக்கும் அது தெரியும் என்பதை நாங்கள் மறந்துவிடக் கூடாது. ஒரே மாதிரி முப்பது கடிதம் போனால் முப்பத்தொன்றாவதை யாரும் வாசிக்க மாட்டார்கள். சட்டப் பந்தி ஒரே மாதிரி இருக்கட்டும், இருக்கத்தான் வேண்டும். என்ன நடந்தது என்ற பந்தியை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுகிறோம். அதை வந்தவரின் வாயிலிருந்து வருகிறபடியே எழுதுகிறோம்: எந்த மலை, எந்த மாதம், கங்காணி என்ன சொன்னார், தராசில் எத்தனை கிலோ கழித்தார்கள்.

எங்களுக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி ஒன்று இருக்கிறது. சுருக்கு வைப்பதற்காகப் பழைய வசனங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, அவை எவ்வளவு குனிந்து நிற்கின்றன என்று தெரிந்தது. "தங்கள் மேலான சமூகத்துக்குத் தாழ்மையுடன் அறியத் தருவது", "தயவுகூர்ந்து கருணை காட்டி". சட்டம் கொடுத்த காசைக் கேட்க எதற்குக் கருணை? கோ. நடேசய்யர் 1924இல் தேசபக்தன் பத்திரிகையைத் தொடங்கி, 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் அமைத்த காலத்திலிருந்து நம் சங்கங்கள் துரைமாருக்கு எழுதி வருகின்றன. மேடையில் நிமிர்ந்து பேசுகிறோம், கடிதத்தில் மட்டும் பழைய பெட்டிசத்தின் கூன் விழுந்திருக்கிறது. அது யாரோ எப்போதோ எழுதி வைத்ததை நாம் பார்த்துப் பார்த்து அடித்துக்கொண்டு வந்தது. ஒரு பின்னேரம் உட்கார்ந்து அதை மாற்றினோம். இப்போது ;கோ என்று அடித்தால் "மேற்படி சட்டத்தின்படி எமது அங்கத்தவருக்கு உரித்தான தொகையைச் செலுத்துமாறு கோருகிறோம்" என்று விரிகிறது. மரியாதையும் இருக்கிறது, முதுகும் நேராக இருக்கிறது. ஒரு இடத்தில் மாற்றியது, அன்றிலிருந்து போகிற எல்லாக் கடிதத்திலும் மாறிவிட்டது.

கூடவே இரண்டு சுருக்குகளை எல்லாக் கிளையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். ஒன்று, பதிலைத் தமிழில் தருமாறு கேட்பது. அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. வடக்கில் இருப்பவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். மலையில் சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடி அலைவது அன்றாடக் கதை. கேட்காமல் வராது, ஒவ்வொரு கடிதத்திலும் கேட்க வேண்டும், கை வலிக்காமல் கேட்க இதுதான் வழி. மற்றது தகவல் அறியும் உரிமை விண்ணப்பம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். நாம் கொடுத்த முறைப்பாட்டின் மேல் அரச காரியாலயம் என்ன செய்தது என்று கேட்கலாம், தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பணிக்கொடைச் சட்டமும் 12ஆம் இலக்கம், இதுவும் 12ஆம் இலக்கம், அங்கே 14 நாள் சம்பளம், இங்கே 14 நாள் தவணை. ஒன்றுக்கு மற்றதை விரித்துவிடாதீர்கள். நாங்கள் ஒன்றுக்கு ;பகொ, மற்றதற்கு ;தகவ என்று தூரத் தூரமாக வைத்திருக்கிறோம்.

இப்போது ஒரு கடிதம் எங்களுக்கு, வாசித்துக் காட்டுவதையும் சேர்த்து, இருபது நிமிடம் வருகிறது. ஒன்பது நிமிடத்துக்குத் திரும்பிப் போக எங்களுக்கு ஆசை இல்லை. வாசலில் காத்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் அன்றன்றே முடித்துக்கொண்டு போகிறார்கள். சில நாள் வேலை முடிந்தும் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். சராசரிக் கொழுந்து அளவைக் கூட்டியதைப் பற்றி, தண்ணீர்க் குழாயைப் பற்றி. முன்பெல்லாம் திரையைப் பார்த்தபடியே "ம், ம்" என்றிருப்போம். போன மாதம் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான், ஒரே தராசில் நான்கு பேருக்கு ஒரே மாதிரி நிறை கழிந்திருப்பது தெரிய வந்து, நாலு தனிக் கடிதத்துக்குப் பதில் ஒரு கூட்டு முறைப்பாடு போட்டோம்.

நேரம் ஆகிவிட்டது, சமையல் வாசனை வருகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பின் அறையில் உட்காருவோம். போனை இப்போதே சார்ஜில் போட்டு வையுங்கள், பிளக் நான்குதான் இருக்கிறது, வயதானவர்களுக்கு முதலில் விடுங்கள். உங்கள் கிளையில் கடைசியாகப் போன ஐந்து கடிதத்தின் பிரதியைக் கொண்டு வரச் சொல்லியிருந்தோம். கொண்டு வந்தவர்கள் அவற்றை எடுத்து, எல்லாக் கடிதத்திலும் வருகிற வசனத்தின் கீழே பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். அந்த வசனம் நேராக நிற்கிறதா, குனிந்து நிற்கிறதா என்று பக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டிக் கேளுங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.